கற்செதிலை அடையாளம் காண்பது: கடலூர், புதுச்சேரி செம்மண் மேடுகளில் நடப்பவர்களுக்கு ஓர் அரிச்சுவடி

கேப்பர் மலையிலோ, காலாப்பட்டு, பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் ஓடைகளிலோ நல்ல மழைக்குப் பிறகு நடந்தால் காலடியில் கல்லுக்குப் பஞ்சமே இருக்காது. மண் அரித்துப் போய், வெள்ளையும் பழுப்பும் சிவப்புமாக நூற்றுக்கணக்கான துண்டுகள் மேலே வந்து கிடக்கும். அதில் ஏதோ ஒன்று பழங்காலத்தில் ஒருவர் கருவி செய்தபோது தெறித்த துண்டாக இருக்கலாம். மற்றதெல்லாம் வெயிலிலும் வெள்ளத்திலும் ஜல்லி லாரியிலும் உடைந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கல் கோடரி மாதிரி இருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா, கைக்கு வாகாக அமைகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றுமே பயன்படாத கேள்விகள். கூர்மையான விளிம்பு தானாக உடைந்த கல்லிலும் உண்டு. கைக்கு வாகாக அமையாத கல்லே கிடையாது, எப்படியாவது திருப்பிப் பிடித்துவிடலாம். உருவத்தை விட்டுவிடுங்கள். கல் எப்படி உடைந்தது என்பதற்கான தடயம் அதன் மேல்தான் இருக்கிறது, அதைப் படிக்க வேண்டும். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று சரளை தோண்டிய குழி ஒன்றில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த குவார்ட்சைட் (மணற்கல் இறுகிக் கெட்டியான கல்) துண்டையும் கருவி என்று சொல்ல வைப்பது அதன்மேல் உள்ள, துண்டுகள் தெறித்துப் போன தழும்புகள்தான்.

கருக்கல், செதில், கழிவு

ஒரு கல்லை இடக்கையில் பிடித்து, வலக்கையில் இருக்கும் உருண்டைக் கல்லால் அதன் விளிம்பில் அடித்தால் ஒரு மெல்லிய துண்டு கழன்று விழும். விழுந்தது செதில். இடக்கையில் மிஞ்சியது கருக்கல். வலக்கையில் இருப்பது சுத்தியல் கல். சில நேரம் செதிலே கருவி: அப்படியே எடுத்து இறைச்சி அறுக்கலாம், விளிம்பைத் தட்டிச் சுரண்டியாக்கலாம். சில நேரம் கருக்கல்தான் கருவி: சுற்றிலும் செதில் எடுத்துக்கொண்டே வந்தால் கைக்கோடரி. எப்படிச் செய்தாலும் செதில்களில் பெரும்பகுதி கழிவாகத்தான் போகும்.

அந்தக் கழிவுதான் ஆய்வுக்கு அதிகம் பேசும். செய்து முடித்த கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது பத்து மைல் தள்ளி உடைந்து விழும். கழிவை யாரும் சுமக்க மாட்டார்கள், உட்கார்ந்து தட்டிய இடத்திலேயே கிடக்கும். ஒரே ஒரு கைக்கோடரி செய்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான செதில்கள் விழும், அதற்கும் கீழே பொடித்துகள் வேறு. ஆகவே மேட்டில் கருவி தேடுகிறவரைவிடக் கழிவு தேடுகிறவருக்குத்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கல் உடையும் விதம்

ஜன்னல் கண்ணாடியில் சிறு குண்டு பட்டால் மறுபக்கத்தில் கூம்பு வடிவில் ஒரு துண்டு பெயர்ந்து விழும். அடி பட்ட புள்ளியிலிருந்து விசை கூம்பாக விரிந்து போவதால் அப்படி ஆகிறது. உள்ளே எந்தத் திசையிலும் இழை ஓடாத, மணி (கல்லின் துகள்) மிக நுண்ணிய, சிலிக்கா மிகுந்த கற்கள் எல்லாமே இந்த விதியில்தான் உடையும். கருவி செய்கிறவர் கல்லின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிப்பதால் முழுக் கூம்பு வராது. அதன் ஒரு பகுதி மட்டும் செதிலின் உட்பக்கத்தில் புடைப்பாக நிற்கும். அதைத்தான் குமிழ் என்கிறோம்.

இதில் கோணம் முக்கியம். அடி விழும் தளத்துக்கும் செதில் கழலப்போகும் பக்கத்துக்கும் இடையில் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். 60 முதல் 80 வரை இருந்தால் நன்றாகக் கழலும். 90-ஐத் தாண்டினால் எவ்வளவு அடித்தாலும் விளிம்பு நசுங்குமே தவிரச் செதில் வராது. உருண்டையான கூழாங்கல்லில் முதல் செதில் எடுப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தோதான கோணமே இருக்காது. அதனால்தான் கூழாங்கல்லை முதலில் இன்னொரு கல்லின்மேல் வைத்து இரண்டாகப் பிளந்துகொள்வதும் உண்டு. அடி விளிம்புக்கு மிக அருகில் விழுந்தால் செதில் பொடியாகும். மிக உள்ளே விழுந்தால் கல் அசையாது. கையளவு கல்லில் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே அடிப்பது சரியாக இருக்கும்.

நம் பக்கத்துக் கற்களில் எது இப்படி உடையும்? கடலூரின் பெயரையே தாங்கிய கடலூர் மணற்கல் படிவு, புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து தெற்கே நெய்வேலி தாண்டியும் பரவியிருக்கிறது. அதன் சரளை அடுக்குகளில் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் ஏராளம். ஊர்ப்பக்கம் வெங்கச்சாங்கல் என்று சொல்லும் வெள்ளைக்கல்தான் அது. செர்ட், சால்சிடனி போன்ற மெழுகுப் பளபளப்புள்ள கற்கள் சிறிய கட்டிகளாகக் கிடைத்தால் அவை நல்ல மூலப்பொருள். திருவக்கரைப் பக்கத்துக் கல்மரமும் சிலிக்காவாக மாறியதுதான். ஓரளவு உடைக்கலாம், ஆனால் குழப்பமும் அதில்தான் அதிகம். செம்புறாங்கல்லும் சாதாரண மணற்கல்லும் தேறாது. அடித்தால் உதிரும். கருங்கல்லில் மணி பெரிது. செதில் வரும், ஆனால் தடயம் தெளிவாக நிற்காது.

கையில் எடுத்ததும்

முதலில் வெறும் தண்ணீரில் அலசி, மிருதுவான பிரஷ்ஷால் மண்ணை நீக்குங்கள். கம்பிப் பிரஷ், அமிலம் இரண்டும் வேண்டாம். சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருந்தால் அதுவும் தகவல்தான், அப்படியே விடுங்கள். உச்சி வெயிலில் பார்க்காதீர்கள். காலை 7 மணி அல்லது மாலை 5 மணி வெளிச்சம் சாய்வாக விழுவதால் மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும். வீட்டுக்குள் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று அவசியம்.

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரே வீச்சில் உடைந்த, தொடர்ச்சியான, வழவழப்பான ஒரு முகம் இருக்கிறதா? இருந்தால் அது வயிற்றுப்புறம், அதாவது கருக்கல்லோடு ஒட்டியிருந்த பக்கம். அப்படி ஒரு முகம் இல்லாமல் நான்கைந்து பக்கமும் கட்டைகட்டையாக இருந்தால் செதில் அல்ல. கருக்கல்லாகவோ வெறும் உடைசலாகவோ இருக்கலாம்.

வயிற்றுப்புறம் கிடைத்துவிட்டால், அதன் ஒரு ஓரத்தில் சிறிய தட்டையான பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். அடி விழுந்த தளத்தின் ஒரு துணுக்கு செதிலோடு சேர்ந்து வந்துவிடும், அதுவே அடிமேடை. சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதற்கும் வயிற்றுப்புறத்துக்கும் இடையிலான விளிம்பில், லென்ஸ் வைத்தால், நசுங்கிய சிறு புள்ளியோ பிறை வடிவ வெடிப்போ தெரியும். சுத்தியல் கல் தொட்ட இடம் அது.

இப்போது அந்தப் புள்ளிக்கு நேர் கீழே வயிற்றுப்புறத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். கண்ணைவிட விரல் இங்கே நம்பகம். லேசான புடைப்பு ஒன்று ஏறி இறங்கும், குமிழ். கல் சுத்தியலால் பலமாக அடித்தது என்றால் புடைப்பு தடித்து நிற்கும். மான்கொம்பு போன்ற மென்மையான சுத்தியல் என்றால் குமிழ் பரந்து மங்கலாக இருக்கும், அடிமேடையின் ஓரத்தில் ஒரு மெல்லிய உதடு தட்டுப்படும். குமிழின்மேலேயே நகக்கண் அளவுக்கு ஒரு சிறு செதில் பெயர்ந்த தடம் இருந்தால் மகிழ்ச்சியடையலாம், நல்ல அறிகுறி. ஆனால் எல்லாச் செதிலிலும் அது இருக்காது.

குமிழிலிருந்து கீழ்நோக்கி, கிளிஞ்சலின் முதுகில் உள்ள வளையங்கள்போல வளைந்த அலைவரிகள் போகும். அந்த வளைவுகளின் மையம் அடிபட்ட புள்ளியாகவே இருக்க வேண்டும். அடிமேடை உடைந்து போயிருந்தாலும் அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அலைவரி சொல்லிவிடும். வரிகளுக்குக் குறுக்கே, புள்ளியிலிருந்து கதிர்போல விரியும் மெல்லிய கீறல்களும் ஓரங்களில் தெரியும்.

கீழ்முனை எப்படி முடிகிறது என்று பாருங்கள். மெலிந்து மெலிந்து கத்தி விளிம்பாக முடிந்தால் அடி சரியாக விழுந்தது. உருண்டு வெளியே மடங்கியிருந்தால் விசை போதவில்லை. செங்குத்தாக முறிந்திருந்தால் கல்லுக்குள் ஏதோ பழுது, அல்லது விசை பாதியில் நின்றது. எதிர்ப்புறமாக வளைந்து கருக்கல்லின் அடிப்பாகத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருந்தால் விசை மிஞ்சிவிட்டது. மடங்கியும் முறிந்தும் முடிந்த செதில்கள் ஓரிடத்தில் நிறைய இருந்தால் கல் மோசம் என்றோ, தட்டியவர் கற்றுக்குட்டி என்றோ யோசிக்கலாம். அதற்குமேல் கதை கட்ட வேண்டாம்.

கடைசியாக முதுகுப்புறம். கருக்கல்லின் வெளிப்பக்கமாக இருந்தது இது. முதல் செதில் என்றால் முதுகு முழுவதும் கல்லின் மேல்தோல், அதாவது கூழாங்கல்லின் உருண்டு தேய்ந்த பரப்பு அப்படியே இருக்கும். அடுத்தடுத்து வந்தவற்றில் பாதித் தோல், பாதித் தழும்பு. உள்ளே போகப்போகத் தோலே இராது. முந்தைய செதில்கள் கழன்ற தழும்புகளும் அவற்றுக்கு இடையே முகடுகளும் மட்டும் இருக்கும். எங்களைக் கேட்டால், குமிழைவிட இந்தத் தழும்புகளுக்குத்தான் அதிக மதிப்பெண். இயற்கை ஒரு கல்லைத் தற்செயலாக ஒருமுறை சரியான கோணத்தில் அடித்துவிடும். அதே திசையில், அதே ஓரத்திலிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை அடிப்பது அபூர்வம்.

பழுப்பு நிறச் செர்ட் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 34 மி.மீ., அகலம் 21, தடிமன் 7. வயிற்றுப்புறம் ஒரே வளைவு. மேல் ஓரத்தில் 9 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள தட்டையான அடிமேடை. கீழே தெளிவான குமிழ். முதுகில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்று தழும்புகள், இடது ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று மேல்தோல். கீழ்முனை மெலிந்து முடிகிறது. இது செதில்தான், கூழாங்கல் ஒன்றிலிருந்து பாதி வேலை நடந்தபிறகு எடுத்தது. வலது விளிம்பில் 2 மி.மீ. அளவில் ஏழெட்டுத் தழும்புகள் இடைவெளியின்றி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, வரிசையாக இருந்தால் விளிம்பை வேண்டுமென்றே தட்டிச் சீராக்கியிருக்கிறார்கள். அதுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, இரு பக்கமும் பார்த்து இருந்தால் ஆடுமாடு மிதித்ததாகவோ கலப்பை பட்டதாகவோ இருக்கும்.

நீளம் அகலத்தைப்போல இரு மடங்குக்கு மேல், இரு விளிம்பும் ஏறத்தாழ இணை, முதுகில் நேரான முகடு என்று இருந்தால் அது அலகு என்னும் தனி வகை. அதிலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும் குட்டி அலகுகளிலிருந்துதான் நுண்கற்கருவிகளில் பல செய்யப்பட்டன. விரல் நகத்தைவிடச் சிறிய பிறை வடிவத் துண்டுகளையும் முக்கோணங்களையும் மரப்பிடியில் பிசின் வைத்துப் பதித்துப் பயன்படுத்தினார்கள். செம்மண் மேட்டில் குனிந்து பார்க்காமல் நடப்பவர் கண்ணில் இவை ஒருபோதும் படாது.

வெள்ளைக்கல்லின் தொல்லை

மேலே சொன்ன அத்தனை இலக்கணமும் செர்ட்டுக்கும் நுண்மணிக் குவார்ட்சைட்டுக்கும் பொருந்தும். நம் பகுதியில் கையில் அகப்படுவதோ பெரும்பாலும் குவார்ட்ஸ். பால்வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் ஏற்கெனவே நூறு விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். அடி விழுந்ததும் விசை கூம்பாக விரியாமல் அந்த விரிசல் வழியே பாய்ந்துவிடும். குமிழ் இருக்காது, அலைவரி இருக்காது, வயிற்றுப்புறமே நேராக இருக்காது. மனிதர் உடைத்த நூறு குவார்ட்ஸ் துண்டுகளில் ஒரு சிறுபகுதிதான் பாடப்புத்தகச் செதில்போல இருக்கும்.

போதாததற்கு, சிறிய கூழாங்கற்களை ஒரு பட்டறைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அடிக்கும் முறையும் பரவலாக இருந்தது. அப்படி உடைந்த துண்டில் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் நசுங்கல் இருக்கும், இரண்டுக்கும் இடையே முகங்கள் ஏறக்குறைய நேராக இருக்கும். ஆரஞ்சுச் சுளை வடிவத் துண்டுகளும் வரும். சுத்தியலும் பட்டறையும் நடுவில் சிறு குழி விழுந்த கற்களாகப் பக்கத்திலேயே கிடக்கலாம்.

குவார்ட்ஸைப் பொறுத்தவரை தனித் துண்டுக்குத் தீர்ப்பு எழுதாமல் இருப்பதே நல்லது. ஒரு முனையிலாவது நசுங்கல், குறைந்தது ஒரு விளிம்பாவது மெல்லிதாகக் கூர்மை, முதுகில் இரண்டு தழும்பு: மூன்றும் சேர்ந்தால் ‘இருக்கலாம்’ என்று குறித்து வையுங்கள். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் படிகக் குவார்ட்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் குமிழும் அலையும் செர்ட்டைப்போலவே அழகாகத் தெரியும்.

நம்மை ஏமாற்றுபவை

முதல் ஏமாற்றுக்காரன் ஜல்லி. கிரஷரின் தாடைகள் கல்லை இரு பக்கமும் நசுக்குவதால் நிஜமான குமிழும் நிஜமான அடிமேடையும் உள்ள துண்டுகள் அதிலிருந்து வரும். கையால் சம்மட்டி போட்டு உடைத்த பழைய ஜல்லி இன்னும் மோசம், அது மனிதர் அடித்த செதிலேதான். கருங்கல்லாக இருப்பது, எல்லாம் 20 அல்லது 40 மி.மீ. வாக்கில் ஒரே அளவாக இருப்பது, உடைந்த முகம் பளிச்சென்று புதிதாக இருப்பது, தார் அல்லது சிமென்ட் ஒட்டியிருப்பது, பாதையோரத்திலும் வீட்டு மனையிலும் கிடப்பது ஆகியவை காட்டிக்கொடுக்கும். அம்மி, உரல் பொளியும் இடத்திலும் கருங்கல் சில்லு குவியும். உளியின் தடம் நேர்கோடாக இருக்கும்.

பழமையைக் காட்டுவது மேற்பரப்பின் நிறம். செம்மண்ணில் நெடுங்காலம் கிடந்த குவார்ட்ஸ் செதிலின் தழும்புகளுக்குள் இரும்புக்கறை ஏறி மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறியிருக்கும், கழுவினால் போகாது. ஒரே துண்டில் ஒரு தழும்பு மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தால் அது நேற்றைய டிராக்டர் வேலை. எல்லாத் தழும்பிலும் ஒரே கறை என்றால் எல்லாம் ஒரே காலத்தில், பழையது. ஆனால் கறையின் அடர்த்தியை வைத்து வயது சொல்ல முயலாதீர்கள். ஒரே மேட்டில் இரண்டடி தள்ளிக் கிடக்கும் இரண்டு கல் வேறுவேறு வேகத்தில் நிறம் மாறும்.

அடுத்தது கல்மரம். திருவக்கரையில் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ள கல்மரப் பூங்காவில் படுத்திருக்கும் அடிமரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லான பிறகும் மரம் தன் இழையை மறப்பதில்லை. வெயிலும் மழையும் பட்டு அது இழைவாக்கில் பட்டையாகப் பிளக்கும். நீளமான, இரு பக்கமும் இணையான, கத்தி மாதிரித் துண்டுகள் விழும். அதைக் கண்டு குட்டி அலகு என்று துள்ளிக் குதிக்காதவர் குறைவு. இழைக்குக் குறுக்காக அலைவரி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அடி விழுந்திருக்கிறது. முகம் முழுவதும் இழையோடு மட்டுமே போனால் அது தானாகப் பிளந்தது. பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தென்பெண்ணை, கெடிலம் போன்ற ஆறுகள் உருட்டிய சரளையில் கற்கள் ஒன்றோடொன்று மோதி ஓரம் சிதறும். அந்தத் தழும்புகள் திசையின்றி, எங்கெங்கோ இருக்கும். பரப்பெங்கும் பிறை பிறையாக மோதல் தடம் இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். உண்மையான செதிலும் ஆற்றில் உருண்டால் மழுங்கும் என்பதால், மழுங்கியதை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் முடியாது. நெருப்பில் சூடான கல்லில் வட்டமான மூடிபோல ஒரு துண்டு பெயரும். அதற்கு அடிமேடை கிடையாது, அடிபட்ட புள்ளியும் ஓரத்தில் இருக்காது.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த இடம் பல வகைக் கல்மணி செய்த தொழிற்கூடமாகவும் இருந்தது. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், குவார்ட்ஸ் ஆகியவற்றை மணியாக்க முதலில் சில்லு சில்லாகத் தட்டித்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். அந்தச் சில்லுகளில் குமிழ், அடிமேடை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவை மனிதர் அடித்த செதில்கள் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கற்காலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. துளை பாதியில் உடைந்த மணிகள், தீட்டாத மணிக்கட்டைகள், கண்ணாடித் துண்டு, பானையோடு ஆகியவை கூடவே இருந்தால் மணிக்கழிவு என்று எழுதுங்கள்.

இன்னொன்று துப்பாக்கி. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று 18-ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கே படைகள் இருந்தன. அந்தக் காலத் துப்பாக்கிகளில் தீப்பொறிக்கு ஒரு சிக்கிமுக்கிக் கல் பொருத்துவார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில், சதுரம் அல்லது நாற்கட்டமாக, ஓரம் தட்டப்பட்ட துண்டு அது. பிரெஞ்சுக் கல் தேன் நிறம், ஆங்கிலேயக் கல் பெரும்பாலும் கரும்சாம்பல். கோட்டைப் பக்கமோ கடற்கரையிலோ அப்படி ஒன்று அகப்பட்டால் கற்காலம் என்று எழுதுமுன் துப்பாக்கியை நினையுங்கள்.

குரங்குகூட விலக்கில்லை. பிரேசிலில் கப்புச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது கூர்மையான செதில்கள் விழுவதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய்லாந்தில் கொட்டை உடைக்கும் நீண்டவால் குரங்குகளிடமும் இதையே பிறகு கண்டார்கள். நம் மேடுகளில் அந்தக் கவலை இல்லை.

ஒன்றல்ல, கூட்டம்

ஒரு மேட்டில் ஒரே ஒரு செதில் கிடைத்தால் அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சதுர மீட்டருக்குள் முழுத்தோல் செதில், பாதித்தோல் செதில், தோலில்லாச் செதில், பொடிச்சில்லு, ஒரு கருக்கல், ஒரு சுத்தியல் கல் எல்லாம் சேர்ந்திருந்தால் அங்கே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். தோலில்லாச் செதில்கள் மட்டும் இருந்தால் முதற்கட்ட வேலையை ஆற்றங்கரையிலோ கல் கிடைத்த இடத்திலோ முடித்துவிட்டு வந்திருக்கலாம். சுற்றுவட்டாரத்தில் கிடைக்காத கல் ஒன்று இருந்தால் அதற்குத் தனிக் கவனம். யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள்.

பொடிச்சில்லை அலட்சியம் செய்யக் கூடாது. தண்ணீர் ஓடினால் முதலில் அடித்துக்கொண்டு போவது அதைத்தான். பெரிய செதிலும் பொடியும் ஒன்றாகவே இருந்தால் அந்த இடம் பெரிதாகக் கலையவில்லை. பெரியவை மட்டும் மிஞ்சியிருந்தால் வெள்ளம் புகுந்து சலித்துவிட்டது. பெரியவை இல்லாமல் ஓடைத் திருப்பத்தில் பொடி மட்டும் குவிந்திருந்தால் மேலே எங்கோ இருக்கிறது மூல இடம். முறையான அகழாய்வில் 2 அல்லது 3 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் தண்ணீர்விட்டுச் சலிப்பது இதற்காகத்தான். கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடையில் போட்டால் பாதித் தகவல் கண் வழியே ஓடிவிடும். கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் செதில்களைக் கருக்கல்லோடு ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. இரண்டு துண்டு இடைவெளியின்றிப் பொருந்தினால், அடி விழுந்த வரிசையே கையில் கிடைத்துவிடும்.

எடுக்காமல் பதிவு செய்வது

செதில் என்று உறுதியாகத் தோன்றினால் சட்டைப் பையில் போடாதீர்கள். இடத்தைவிட்டு எடுத்த செதிலுக்குப் பாதி மதிப்பு போய்விடும். அதோடு 1958-ஆம் ஆண்டின் பழமைச் சின்னங்கள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இருக்கின்றன. அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது குற்றம்.

போனிலேயே வேலை முடியும். அசைக்குமுன் சுற்றுப்புறம் தெரிய ஒரு படம், வடக்குத் திசையைக் குறித்து. பக்கத்தில் சென்டிமீட்டர் அளவுகோல் வைத்து மேலிருந்து ஒரு படம். பிறகு அடிமேடை மேலே இருக்கும்படி வைத்து முதுகுப்புறம், வயிற்றுப்புறம், ஒரு பக்கவாட்டு, அடிமேடை என்று நான்கு படம், வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து விழ வேண்டும். ஜிபிஎஸ் எண்ணை ஐந்து தசம இடம்வரை குறியுங்கள். நீளத்தை அளக்கும்போது கல்லின் மிக நீண்ட பகுதியை அளக்கக் கூடாது. அடிபட்ட புள்ளியிலிருந்து அடி போன திசையிலேயே அளந்து, அதற்குச் செங்குத்தாக அகலம் எடுக்க வேண்டும். புதியவர்கள் தரும் அளவுகள் பெரும்பாலும் பயன்படாமல் போவது இந்த ஒரு காரணத்தால்தான். கல்லின் வகை, நிறம், தோல் எத்தனை சதவீதம், தழும்பு எத்தனை, முழுதா உடைந்ததா, கூட என்ன கிடந்தது என்பவற்றையும் எழுதிவிட்டுக் கல்லை அதே இடத்தில் வையுங்கள். குறிப்பைத் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம், புதுச்சேரிப் பக்கம் என்றால் இந்தியத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம்.

கை பழகுவதற்கு

படித்து மட்டும் இது வராது. நீங்களே பத்துச் செதில் உடைத்துப் பார்த்தால் குமிழ் எங்கே வரும், கோணம் தப்பினால் என்ன ஆகும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். செர்ட் தேடி அலைய வேண்டாம், தடித்த கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம் போதும். முட்டையளவு உருண்டைக் கூழாங்கல் ஒன்று சுத்தியல். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இடக்கைக்குத் தோல் கையுறை, தொடைமேல் நான்காக மடித்த சாக்கு, காலில் மூடிய செருப்பு, இவையில்லாமல் தொடங்கவே கூடாது. கண்ணாடிச் செதில் சவரக் கத்தியைவிடக் கூர்மை. கல்லை உடைப்பதானால் திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முகக்கவசத்தோடு செய்யுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

கீழே தார்ப்பாய் விரித்து உடைத்து, விழுந்த அத்தனையையும் அள்ளிச் சல்லடையில் அளவுவாரியாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். ஒரு கல்லிலிருந்து எவ்வளவு கழிவு என்பது அப்போது புரியும். செம்மண் மேட்டிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்து இதைச் செய்யவே கூடாது. உங்கள் செதில் இன்னொருவர் கண்ணில் கற்காலச் செதிலாகப் படும். கண்ணாடியைக் குப்பைச் சேகரிப்பவருக்குத் தனியாகக் கட்டி, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதிக் கொடுங்கள். கல் கழிவை வீட்டுத் தோட்டத்தில் புதைப்பதானால், ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் சேர்த்துப் போட்டுப் புதையுங்கள். பிற்காலத்தில் தோண்டுகிறவர் ஏமாறாமல் இருக்க, கல் தட்டிப் பழகுபவர்கள் செய்துவரும் ஏற்பாடு அது.